பத்து சென்ட் புல்லில் ஒரு பசு!

"ஆடு மாடு இல்லாதவன் அடைமழைக்கு ராஜா" என்று ஒரு பழமொழி உண்டு.

தஞ்சைச் சீமை மக்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். வயல் எல்லாம் வெள்ளம். வரப்பில் கால் வைக்க முடியாது. மாடு கொட்டிலில் நின்று "அம்மா" என்று கத்தும். அதற்கும் பசிக்கும் அல்லவா?

அப்போது கை கொடுப்பது வைக்கோல் போர்தான்.

வைக்கோல் போதுமா?

சேற்று உழவுக்குப் பேர்போன உம்பளச்சேரி மாடு பிறந்த சீமை இது. நெல் விளையும் பூமியில் வைக்கோலுக்கும் குறைவில்லை. ஆனால் வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. 100 கிலோ வைக்கோலில் புரதச் சத்து 3 அல்லது 4 கிலோதான். அது எளிதில் செரிப்பதும் இல்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாட்டின் வயிற்றில் தீனி புளிக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகிறது. அது ஏப்பமாக வெளியே வருகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வலியது.

வெறும் வைக்கோல் தின்னும் பசு பாலைக் குறைக்கும், ஏப்பத்தைக் குறைக்காது. நல்ல பசுந்தீவனம் தின்றால் பால் கூடும். ஒரு லிட்டர் பாலுக்கு வெளியாகும் வாயு குறையும். வீட்டுக்கும் லாபம், நாட்டுக்கும் லாபம்!

கோவை தந்த புல்

நேப்பியர் என்பது ஆப்பிரிக்கப் புல். யானைப்புல் என்றும் அதற்குப் பெயர். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். அதையும் நம் ஊர்க் கம்பையும் ஒட்டுச் சேர்த்து, 1953-ல் கோவையில் புதிய புல் ஒன்றை உண்டாக்கினார்கள். அதுதான் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்.

அந்த வழியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் கோ-4 என்ற ரகத்தையும், 2012-ல் கோ-5 என்ற ரகத்தையும் வெளியிட்டது.

இந்தப் புல்லுக்கு முளைக்கும் விதை கிடையாது. தண்டை வெட்டி, கரணையாகத்தான் நட வேண்டும். ஆகவே விதை சிதறி, பக்கத்து நெல் வயலில் களையாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

கணக்குப் பாருங்கள்

நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கலாம். கோ-4 ரகம் ஏக்கருக்கு ஆண்டில் சுமார் 150 டன் தரும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு.

நம் கொல்லையில் அதில் பாதிதான் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்டில் ஆண்டுக்கு ஏழரை டன். நாளைக்கு 20 கிலோ! ஒரு பசுவுக்கு இது பெரிய உதவி.

நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, தினம் கொஞ்சமாக அறுங்கள். கடைசிப் பாத்தியை அறுத்து முடிக்கும்போது, முதல் பாத்தி மீண்டும் வளர்ந்து நிற்கும்.

புல்லுக்காக வரப்பு வரப்பாக அலையும் பெண்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம். களைக்கொல்லி தெளித்த புல்லை அறியாமல் அறுத்து வரும் ஆபத்தும் இல்லை.

மண்ணுக்கும் நல்லது

ஒரு முறை நட்டால் சில ஆண்டுகளுக்கு மறு உழவு இல்லை. அடர்ந்த வேர், மழையில் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும். கொட்டில் கழுவிய தண்ணீரைப் புல்லுக்கே விடுங்கள். வாய்க்காலை அசுத்தம் செய்யும் தண்ணீர், புல்லுக்கு உரமாகிவிடும். சாணம் நெல் வயலுக்குப் போகட்டும்.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர் தேங்கினால் இந்தப் புல் அழுகும். ஆகவே மேட்டில் நடுங்கள், வடிகால் வெட்டுங்கள். கோடையில் பாய்ச்சத் தண்ணீர் வேண்டும்.

புல்லை மட்டுமே போடுவதும் தவறு. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு அகத்தி, வேலிமசால் போன்ற தழை சேருங்கள். அகத்தியை வரப்பிலேயே வளர்க்கலாம். எல்லாவற்றையும் நறுக்கி, வைக்கோலோடு கலந்து போட்டால் மாடு கழிக்காமல் தின்னும்.

கரணை எங்கே கிடைக்கும் என்று அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

வீட்டுக் கொல்லையில் மேடான பத்து சென்ட் நிலம். அதில் பச்சைப் புல். அது இருந்தால், மாடு வளர்ப்பவரும் அடைமழைக்கு ராஜாதான்!