சட்டத்தைச் சுற்றி நாலு பேர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு பெரிய வளைவாகத் திரும்பும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பினத்தவர் கிராமம் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். அந்த ஊர்ப் பெண்கள் பழந்துணியில் தைத்த போர்வைகள் இன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகின்றன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்தைத் தபால்தலைகளாகவே அச்சிட்டது. அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் புகழ்ந்து கனமான புத்தகங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் போர்வைகள் வீட்டு வேலைக்கு நடுவே, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிக்கொண்டே தைத்தவை. அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தால் பாதிப் போர்வைதான் கண்ணுக்குத் தெரியும்.

இவை ஒற்றைத் துணிப் போர்வைகள் அல்ல; வடநாட்டு ரஜாய் மாதிரி மூன்று அடுக்கு கொண்டவை. மேலே, துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி. நடுவில் பஞ்சு. அடியில், மாவு மூட்டையையோ உரச் சாக்கையோ பிரித்து வெளுத்த துணி. மூன்றும் நழுவாமலிருக்க, மேலிருந்து அடிவரை ஊசி இறங்கி ஏறும் ஓட்டுத் தையல். பஞ்சும் கடையில் வாங்கியதல்ல. ஜின்னிங் மில்லின் தரையில் கூட்டித் தள்ளிய கழிவுப் பஞ்சைப் பொறுக்கி வந்து, தூசி போகத் தடியால் அடித்து, மெத்தென்று ஆனபின் பரப்புவார்கள்.

வேலை இரண்டு பாகமாக நடக்கும். மேல்துணியை ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டில் தனியாகச் சேர்ப்பாள். மூன்று அடுக்கையும் ஒன்றாகத் தைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

தனியாகச் சேர்க்க நேரம் எப்போது கிடைத்தது? பகல் முழுக்கப் பருத்திக் காடு. வீடு திரும்பினால் தண்ணீர் தூக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், இரும்புக் கொப்பரையில் துணி வேகவைத்துத் துவைக்க வேண்டும், அடுப்பு மூட்டி ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைக்க வேண்டும். இந்த ஊரின் பேர்பெற்ற கைவினைஞர்களில் ஒருவரான மேரி லீ பெண்டால்ஃப் 1935-இல் பிறந்தவர். பதினேழு பிள்ளைகளில் ஒருத்தி. இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கடியில் கிடைத்த நேரம்தான் தாய்க்குச் சொந்தமான நேரம். நீளமான பட்டைகள், பெரிய கட்டங்கள், சட்டென்று திரும்பும் கோணங்கள் என்று இந்தப் போர்வைகளில் கலை விமர்சகர்கள் வியந்த துணிச்சலுக்கு இந்த நேர நெருக்கடியும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. அளவெடுத்து, கோடு போட்டு வெட்ட அவகாசமில்லை. கையில் வந்த கால்சட்டைக் காலை அப்படியே கிழித்து வைத்தார்கள்.

தேவையும் அவசரமானது. 1937-இல் ஆர்தர் ராத்ஸ்டைன் அரசுக்காக எடுத்த புகைப்படங்களில் அந்த வீடுகளைப் பார்க்கலாம். மரக்கட்டைகளை அடுக்கி மண் பூசிய குடிசைகள். ஒரு படத்தில் ஆர்ட்டீலியா பெண்டால்ஃப் என்ற சிறுமி ஜன்னலோரம் நிற்கிறாள். ஜன்னல் கதவில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. குளிர்காற்று நுழையாமலிருக்கச் சுவரெங்கும் காகிதம் ஒட்டுவது அங்கே வழக்கம். இன்னொரு படத்தில் ஜொரினா பெட்வே போர்வை தைக்கிறார். பக்கத்தில் ஜென்னி பெட்வேயும் இன்னொரு சிறுமியும் இருக்கிறார்கள். தையல் எப்படித் தலைமுறை கடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் தையல் வகுப்புக்குப் போனவர்கள் அல்லர். பெரியவர்கள் பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊரில் பலருக்குப் பெட்வே என்ற குடும்பப் பெயர் இருப்பதற்குக் காரணம் கசப்பானது. 1816-இல் ஜோசப் கீ என்பவர் இங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வேயின் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து தன் அடிமைகளை நடத்தியே கூட்டி வந்தார். விடுதலைக்குப் பின்னும் அவர்களின் வம்சம் அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதது, அதே பெயரோடு. 1932-இல், கடன் கொடுத்து வந்த, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்டன் ஊர் வணிகர் இறந்ததும் அவர் மனைவி ஆட்களை அனுப்பி மாடு, கோழி, கருவி, சோளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த உணவில்தான் கடந்தார்கள். பின்னர் கூட்டாட்சி அரசு நிலத்தை வாங்கி, வீடு கட்டி, தவணை முறையில் அவர்களுக்கே விற்றது. சொந்த மண் கிடைத்ததால்தான் பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, தையலும் அறுபடவில்லை.

இனி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தைக்கும் மரச்சட்டத்துக்கு வருவோம். நாலு நீள மரச்சட்டங்களை மூலைகளில் இணைத்து, போர்வையை அதில் இழுத்துக் கட்டுவார்கள். பல வீடுகளில் அதைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது வழக்கம். வேலை முடிந்தால் மேலே இழுத்துவிடலாம். படுக்க இடம் கிடைக்கும். மறுபடி உட்காரும்போது மடி உயரத்துக்கு இறக்குவார்கள். பக்கத்துக்கு ஒருத்தியாக நாலு பேர் உட்கார்ந்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். தைத்த பகுதியைச் சுருட்ட, நடுப்பகுதி கைக்கு எட்டும். சட்டம் சுருங்கச் சுருங்க முகங்கள் நெருங்கும். இன்று இவள் வீட்டில், நாளை அவள் வீட்டில் என்று சுற்று போகும். யாருக்கும் கூலி இல்லை. என் போர்வைக்கு நீ வந்தால் உன் போர்வைக்கு நான் வருவேன்.

தனியாகத் துணி சேர்க்கும்போது கண்ணும் மனமும் துணியிலேயே இருக்கும். ஓட்டுத் தையலில் அப்படியில்லை. கை பழகிவிட்டால் வாய்க்கு விடுதலை. யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டில் மாவு தீர்ந்தது, எந்த மருமகள் மாசமாயிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்னது சரியா என்று பேச்சு ஓடும். தொலைபேசி இல்லாத, ஆறு சூழ்ந்த ஊரில் ஒரு வீட்டின் கஷ்டம் இன்னொரு வீட்டின் காதுக்குப் போகும் வழி இதுதான். இதை வம்பளப்பு என்று ஒதுக்குவது பெரிய தவறு. பட்டினி கிடக்கும் வீட்டுக்கு மறுநாள் யார் சோளம் கொண்டுபோவது என்பதும் இப்படிப்பட்ட பேச்சில்தான் முடிவாகும்.

பேச்சு ஓயும் இடத்தில் பாட்டு தொடங்கும். ஜெபமும் சேரும். 1941-இல் ராபர்ட் சோன்கின் என்ற ஆய்வாளர் இந்த ஊருக்கு வந்து பாடல்களையும் ஜெபங்களையும் ஒலிப்பதிவு செய்தார். அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. வாத்தியம் இல்லாமல் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தாங்கிப் பாடும் தேவாலயப் பாடல்களையே ஜீஸ் பெண்ட் பெண்கள் தையலின்போதும் பாடினார்கள், இன்றும் பாடுகிறார்கள்.

சட்டத்தைச் சுற்றி இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்தது. அடுத்தவள் சேர்த்த மேல்துணி மணிக்கணக்காகக் கண்முன்னே விரிந்து கிடக்கும். சிவப்புக்குப் பக்கத்தில் இவள் ஏன் பழுப்பை வைத்தாள், இந்தப் பட்டை ஏன் பாதியில் வளைகிறது என்று பார்த்துப் பார்த்தே கண் தேறும். சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக வளரும் வடிவத்துக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். ‘பன்றிப்பட்டி’ உண்டு, ‘கொத்தனார்’ உண்டு, ‘சோம்பேறிப் பெண்’ணும் உண்டு. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒரே ‘வீட்டுக்கூரை’ பத்து வீட்டில் பத்து விதமாக இருக்கும். பிறருடையதை அப்படியே எடுப்பதில் அவர்களுக்குப் பெருமையில்லை. தன் வழியில் தைத்தேன் என்று சொல்வதில்தான் பெருமை.

1942-இல் மிசௌரி பெட்வே தைத்த போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கணவர் இறந்த பிறகு அவருடைய வயல் உடுப்புகளைக் கிழித்துத் தைத்தது. அந்தத் துணிகளைப் பிரிக்க உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் இதன் கதையைச் சொன்னார்: கணவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்புக்கு அடியில் படுத்துக்கொள்ளவும் அம்மா இதைத் தைத்தாள் என்று. பார்த்தால் வெளிறிய நீலம், சாம்பல், மங்கிய பழுப்பு, ஆங்காங்கே கொஞ்சம் சிவப்பு. நிறம் ஒரே சீராக இல்லை. வெயில் பட்ட பக்கம் ஒரு நீலம். பை தைத்திருந்து பிரித்த இடத்தில் வெயில் படாத இன்னொரு நீலம். அந்த மனிதர் மண்டியிட்ட இடமும் பைக்குள் கையை நுழைத்த இடமும் துணியில் அப்படியே தங்கியிருக்கின்றன.

1960-களில் பேச்சின் பொருள் மாறியது. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய முயன்றபோது, ஆற்றைக் கடந்து, பதிவு நடந்த கேம்டனுக்குப் போகும் படகுச் சேவை 1962-இல் நின்றுபோனது. படகில் கொஞ்ச நேரத்தில் போகும் ஊருக்குச் சாலை வழியே சுமார் 40 மைல் சுற்ற வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்ட் தேவாலயத்தில் வந்து பேசினார். வாக்குரிமை கேட்டதற்காகச் சில குடும்பங்கள் வாரநிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் விரட்டப்பட்டன.

அந்த ஆண்டு இறுதியில் பிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அந்தப் பகுதியில் ஒரு கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு நின்றார். போர்வைக்கு 10 டாலர் வீதம் வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் ‘ஃப்ரீடம் க்வில்ட்டிங் பீ’ என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நடத்தினார். அவர்களுக்கென்று நிலம் வாங்கினார்கள், தையற்கூடம் கட்டினார்கள், விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்த நிலத்தில் மனை கொடுத்தார்கள். பல பெண்கள் கையில் சொந்தச் சம்பளம் பார்த்தது இங்கேதான்.

கூட்டுறவுக்கு ஒரு விலையும் இருந்தது. நகரத்துக் கடைகளுக்கு ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே தையல் வேண்டும். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற தடித்த துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் வந்தது. மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தங்க மஞ்சள், பாசிப் பச்சை, செம்பழுப்பு. கடைக்குக் கட்டுப்பட்ட அதே கைகள் வீட்டில் அவற்றை வைத்து இஷ்டம்போல் விளையாடின. எழுபதுகளின் கார்டுராய் போர்வைகள் இன்றும் கண்ணைப் பறிப்பவை.

எல்லோருக்கும் சட்டத்தைச் சுற்றி ஆள் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. லொரெட்டா பெட்வே தனக்குத் தையலே பிடிக்காது என்றும், உதவ யாரும் இல்லாததால் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காக்கத் தானே தைத்தேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னவர். அவருடைய போர்வைகளில் இரண்டு அந்தப் பத்துத் தபால்தலைகளில் இடம்பெற்றன. தனிமையிலும் அற்புதம் பிறக்கும் என்பதற்கு அவரைக் காட்டலாம்தான். ஆனால் அவர் சொல்லும்போது அதில் பெருமிதத்தைவிடக் களைப்பே அதிகம். மற்றவர்களுக்குக் கிடைத்த துணை எவ்வளவு பெரிய கொடை என்பது அவர் பேச்சிலிருந்துதான் நமக்கு நன்றாகப் புரிகிறது.

1998-இல் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் ஒரு புத்தகத்தில், விறகுக் குவியல்மேல் கிடந்த ஆனி மே யங்கின் போர்வைப் படத்தைப் பார்த்து ஊரைத் தேடி வந்தார். பழைய போர்வைகளைக் கொசு விரட்ட எரித்துக்கொண்டிருந்த ஊர் அது. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் மைக்கேல் கிம்மல்மேன் அமெரிக்க நவீனக் கலையின் உச்சிகளில் இவற்றை வைத்து எழுதினார். பணமும் வந்தது, பங்கு பற்றிய சண்டையும் வந்தது. 2007-இல் மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2008-இல் அது சமரசத்தில் முடிந்தது.

அருங்காட்சியகப் பெயர்ப் பலகையில் மேல்துணி சேர்த்தவரின் பெயர் மட்டும் இருக்கும். வடிவம் அவருடையது, அதனால் அது நியாயமே. ஆனால் கிட்டப்போய்ப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தையல் பொடியாகவும் நெருக்கமாகவும் போகும். எதிர் ஓரத்தில் இன்னொரு கையின் நீண்ட தையல் வரும். பல போர்வைகளில் நாலு பேர் உட்கார்ந்த அடையாளம் அப்படியே இருக்கிறது. பெயர் தெரிந்த இடங்களில் அவர்களையும் எழுதி வைக்க வேண்டும். சோன்கின் பதிந்த பாட்டு அந்தக் கூடங்களில் ஒலிக்க வேண்டும்.

ஜீஸ் பெண்ட் பெண்கள் 2003-இல் தங்கள் சொந்தக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 2006-இல் படகுச் சேவை மீண்டது. மேரி ஆன் பெட்வேயும் சைனா பெட்வேயும் வெளியூர்களுக்குப் போய்த் தையல் சொல்லித் தருகிறார்கள். வகுப்பில் ஊசியோடு பாட்டும் உண்டு. 2022 முதல் அக்டோபர் மாதத்தில் ஊரே போர்வைகளை வெளியே கொண்டுவந்து வேலியிலும் கொடியிலும் திண்ணையிலும் விரித்துப் போட்டு விழா நடத்துகிறது. குளிர்காலப் போர்வைகளை வெயிலில் காயப்போடும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி அது. வருகிறவர்கள் தைத்தவரிடமே விலை பேசி வாங்கலாம். எந்தத் துண்டு யாருடைய சட்டையிலிருந்து வந்தது என்று கேட்டால், உட்கார வைத்துச் சொல்வார்கள்.