ஐ.பி. டிப்ளமா: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

நம் பிளஸ் டூவுக்குச் சமமான படிப்பு. ஆனால் முழு மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? 600 இல்லை, 500 இல்லை... வெறும் 45! கொழும்பில் எழுதினாலும் கோபன்ஹேகனில் எழுதினாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே அளவுகோல். இன்டர்நேஷனல் பாக்கலரியேட் டிப்ளமா என்பது முழுப் பெயர். பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அது ஐ.பி.தான்.

இது எப்படிப் பிறந்தது என்பதே ஓர் அதிசயக் கதை. முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கம் ஜெனீவாவில் அமைந்தபோது, பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு அங்கே வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924-ல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. சின்ன வகுப்புகளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பார்கள். கடைசி ஆண்டுகள் வந்ததும் சிக்கல்! பிரெஞ்சுப் பிள்ளை பிரெஞ்சுத் தேர்வுக்கு, ஆங்கிலேயப் பிள்ளை இங்கிலாந்துத் தேர்வுக்கு, சுவிஸ் பிள்ளை சுவிஸ் தேர்வுக்கு, அமெரிக்கப் பிள்ளை அமெரிக்கத் தேர்வுக்கு என்று நாலாகப் பிரிந்து போக வேண்டும். அதே நியூட்டன் விதியை நாலு கூட்டத்துக்கு நாலு விதமாக நடத்துவது எந்த ஆசிரியருக்குத்தான் கட்டுப்படியாகும்? “எல்லாருக்கும் பொதுவாக ஒரு தேர்வு இருந்தால் என்ன?” என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது. 1968-ல் ஜெனீவாவிலேயே ஐ.பி. அமைப்பு பிறந்தது.

அதன் முதல் தலைமை இயக்குநர் யார் தெரியுமா? அலெக் பீட்டர்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கல்வியியல் துறையை நடத்தியவர். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கேட்டால் தூக்கிவாரிப்போடும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தின் உளவியல் போர்ப் பிரிவில் இருந்தார்! பிறகு 1950-களில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த நாளில் பிரிட்டிஷ் அரசின் தகவல் துறைக்குத் தலைவராக இருந்தார். மக்கள் மனதை எப்படி ஒரு பக்கம் சாய்ப்பது என்பதைத் தொழிலாகவே செய்தவர். அவர் தலைமையில் உருவான படிப்பின் நடுநாயகமாக எந்தப் பாடம் அமர்ந்திருக்கிறது? “எனக்குத் தெரியும் என்கிறாயே, அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கிற பாடம்!

அறிவுக் கோட்பாடு என்பது அதன் பெயர். எனக்கு இந்தப் படிப்பில் ஆகப் பிடித்தது இதுதான். கணக்கில் நிரூபணம் என்கிறோம், வரலாற்றில் சான்று என்கிறோம், இரண்டும் ஒன்றா? பலர் நம்புகிறார்கள் என்பதால் ஒன்று உண்மையாகிவிடுமா? 17 வயதுப் பிள்ளை இதை யோசித்து 1,600 சொற்களுக்குள் கட்டுரை எழுத வேண்டும். அதோடு ஒரு கண்காட்சியும் உண்டு. கொடுக்கப்பட்ட 35 கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் தேட உதவும் மூன்று பொருள்களைத் தானே தேடிக் கொண்டுவந்து வைத்து விளக்க வேண்டும். அறிவு என்பது எல்லாருக்கும் பொதுவா, சில சமூகத்துக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்வி வந்தால் நான் பாட்டி கைப்பட எழுதிவைத்த பிரசவ லேகியக் குறிப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்!

சரி, அந்த 45 எப்படி வருகிறது? ஆறு பாடம், பாடத்துக்கு 7, ஆக 42. மிச்சம் 3 புள்ளி அறிவுக் கோட்பாட்டுக்கும், 4,000 சொல் வரை எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் சேர்த்து. ஆமாம், பள்ளிப் பிள்ளை ஆய்வுக் கட்டுரை எழுதுகிறது! தலைப்பும் அதன் சொந்தத் தலைப்பு. சொந்த ஊர் ஏரித் தண்ணீரைப் பற்றிக்கூட எழுதலாம். அறிவியல் எடுத்தவர் இலக்கியத்தை விட முடியாது, இலக்கியப் பிரியர் கணக்கிலிருந்து தப்ப முடியாது. உங்கள் தாய்மொழிக்குப் பள்ளியில் ஆசிரியரே இல்லையா? பள்ளியின் துணையோடு அந்த இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வு எழுதவும் வழி வைத்திருக்கிறார்கள். கலை, விளையாட்டு, சேவை என்று ஒன்றரை ஆண்டு ஈடுபட வேண்டும். அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனால் அதை முடிக்காவிட்டால் 42 வாங்கியிருந்தாலும் டிப்ளமா கிடையாது!

இன்னொன்று. தேர்வு அறையை விட்டு வந்ததும் “ஏழாவது கேள்விக்கு என்ன விடை?” என்று பக்கத்துப் பள்ளி நண்பர்களிடமெல்லாம் கேட்போமே, அது இங்கே குற்றம்! உலகத்தின் வேறொரு மூலையில் அந்தத் தேர்வு இன்னும் தொடங்கியிருக்காது அல்லவா? அதனால் 24 மணி நேரத்துக்கு வினாத்தாளைப் பற்றித் தன் பள்ளிக்கு வெளியே யாரிடமும் வாயே திறக்கக் கூடாது.

இப்போது வேல்ஸ் கடற்கரைக்குப் போவோம். அங்கே செயின்ட் டொனாட்ஸ் என்று ஒரு பழங்காலக் கோட்டை. அமெரிக்கப் பத்திரிகைச் சக்கரவர்த்தி ஹெர்ஸ்ட் ஒரு காலத்தில் விலைக்கு வாங்கி வைத்திருந்தது. 1962-ல் அதற்குள் அட்லாண்டிக் கல்லூரி என்ற உறைவிடப் பள்ளி வந்தது. 1971-ல் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தை அப்படியே கைவிட்டு முழுக்க ஐ.பி.க்கு மாறிய துணிச்சல்காரப் பள்ளி. அதற்கு முன்பிருந்தே அங்கே பிள்ளைகளுக்குச் சேவை என்றால் கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவது. காற்றடைத்த ரப்பர் படகுகளைக் கூழாங்கல் கரையில் இழுத்து இழுத்து அடிப்பாகம் கிழிந்துகொண்டே இருந்தது. அப்போதைய முதல்வர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. அவரும் மாணவர்களும் சேர்ந்து அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தார்கள். மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் உருவானதுதான் கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த ஓரங்களும் கொண்ட படகு! இன்று உலகம் முழுக்கக் கடலோரக் காவல் படையினரும் மீட்புப் படையினரும் ஓட்டுகிறார்களே, அதே வகைதான். அதன் காப்புரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்கு எவ்வளவுக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? 1 பவுண்டுக்கு! பிற்பாடு நெதர்லாந்து மன்னர் வில்லம்-அலெக்சாண்டரும் ஸ்பெயின் இளவரசி லியோனாரும் படித்தது இதே கோட்டையில்தான்.

இந்தியாவில் ஐ.பி. முதலில் எங்கே வந்தது? மும்பையா, டெல்லியா? நம் கொடைக்கானல்! அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி, இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1976-லேயே ஐ.பி. அனுமதி பெற்றுவிட்டது.

ஐ.பி. என்றாலே லட்சங்களில் கட்டணம் என்பதுதான் இங்கே நாம் பார்ப்பது. அது பொய்யில்லை, இவ்வளவு நல்ல படிப்பு பணக்கார வீட்டோடு நின்றுவிடுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அமெரிக்காவில் ஐ.பி. நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். ஈக்வடாரில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு இதைக் கொண்டுபோனார்கள். பெருவில் அரசே கோவார் என்ற உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து ஐ.பி. படிக்கவைக்கிறார்கள். ஸ்பானிஷும் ஐ.பி.யின் மூன்று மொழிகளில் ஒன்று என்பதால், ஆண்டீஸ் மலையூர்ப் பிள்ளை தன் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரையைத் தான் படித்த ஸ்பானிஷிலேயே எழுதிக் கொடுக்கலாம்!