முதல் ஆண்டில் எங்கே தங்குவது?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த நாள்முதல் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்பதே நம் வீடுகளில் பேச்சு. தங்கப்போவது எங்கே என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் பெட்டி கட்டும் வாரத்தில்தான். ஆனால் பள்ளியை விட்டுப் பெரியதொரு பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் பெண்ணுக்கு, முதல் ஆண்டு நன்றாக அமைவது பல நேரங்களில் பாடப்பிரிவைக் காட்டிலும் தங்குமிடத்தையே பொறுத்திருக்கிறது. இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவள் ஆதலால் அவ்விடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு ஊர்களுக்குச் செல்வோரும் இதிலுள்ள கணக்கைத் தங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வளாகத்தை அறிக

அண்ணா பல்கலைக்கழகம் 1978-ஆம் ஆண்டு நான்கு நிறுவனங்களை ஒன்றாக இணைத்து உருவாக்கப்பட்டது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரி, 1944-இல் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய மூன்றும் சர்தார் பட்டேல் சாலையில் உள்ள கிண்டி வளாகத்தில் இருக்கின்றன. 1949-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. மட்டும் குரோம்பேட்டையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. இவையன்றி, இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கில் உள்ளன.

ஆகவே ‘அண்ணா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது’ என்றவுடன் அடையாற்றில் அறை தேடுவது சரியன்று. சேர்க்கை ஆணையில் கண்ட கல்லூரி எந்த இடத்தில் இருக்கிறது, வகுப்புகள் எந்த வளாகத்தில் நடக்கும் என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் பொறியியல் கலந்தாய்வுக்கு மாணவியும் பெற்றோரும் கிண்டி வளாகத்துக்கே நேரில் வரவேண்டியிருந்தது. அங்கு இடம் பெறாதவர்கள்கூட அப்போது வளாகத்தைக் கண்டு திரும்பினார்கள். 2018-ஆம் ஆண்டுமுதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. அலைச்சல் மிச்சமாயிற்று. ஆனால் இடத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. இன்று பல குடும்பங்கள் விடுதியை முதன்முதலாகப் பார்ப்பதே, பெட்டி படுக்கையோடு வாசலில் இறங்கும் நாளில்தான். ஒருநாள் பயணம் முன்கூட்டியே சென்று பார்த்து வருவது வீண் செலவு ஆகாது.

நான் செய்த பிழை

நான் சேர்ந்தது 2014-ஆம் ஆண்டு. கலந்தாய்வுக்குச் சென்றபோதே அப்பாவும் நானும் தங்குமிடம் பார்த்தோம். பல்கலைக்கழக விடுதியில் ஓர் அறையில் பலராகத் தங்கவேண்டும். அருகில் ஒரு தெருவில் இருந்த தனியார் மகளிர் விடுதியிலோ எனக்கென்றே ஓர் அறை, உள்ளேயே குளியலறை, வழவழப்பான தரை. ‘பிள்ளை அமைதியாகப் படிப்பாள்’ என்று அப்பா அதையே தேர்ந்தெடுத்தார். எனக்கும் அதில் முழு மகிழ்ச்சி.

மூன்றாவது வாரம் காய்ச்சல் கண்டது. முதல் நாள் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் எழுந்து சாப்பிடவும் முடியவில்லை. அந்த விடுதியில் உணவை டப்பாவில் நிரப்பி வாசற்படி அருகே வைப்பார்கள், வேண்டுமென்போர் எடுத்துக்கொள்வார்கள். என் டப்பா இரண்டு நாள் எடுக்கப்படாமல் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் என் குரலைக் கேட்டு அம்மா பதறி, இரவுப் பேருந்தில் புறப்பட்டு வந்து என்னை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள்.

இரண்டாம் பருவத்தில் இடம் காலியானபோது பல்கலைக்கழக விடுதிக்கு மாறினேன். அங்கே ஒருநாள் தலைவலி என்று இரவு உணவுக்கு இறங்கவில்லை. அரைமணி நேரத்தில் அறைத்தோழி தட்டோடு வந்து நின்றாள். ‘ரசஞ்சோறு கொண்டுவந்திருக்கேன், எழுந்திருடி’ என்றாள். அறை நெருக்கம்தான், குளியலறைக்கு வரிசைதான். ஆயினும் நான் சாப்பிடாதது ஒருவருக்குத் தெரிந்தது. நம் பள்ளிப் போர்டிங்கில் ஒரு வேளை பந்தியில் நம் இடம் காலியாக இருந்தால் சிஸ்டர் உடனே ஆள் அனுப்புவார்கள் அல்லவா? அது கண்டிப்பு மட்டுமன்று, காவலும்கூட என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆகையால் தங்குமிடம் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘நான் ஒரு வேளை சாப்பிட வராவிட்டால் அது யாருக்குத் தெரியும்?’

விடுதியில் ஒரே பெண்

கிண்டிக் கல்லூரியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1940-ஆம் ஆண்டு அக்கல்லூரியில் சேர்ந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவர் தந்தையார் அதே கல்லூரியில் பேராசிரியர். மின்பொறியியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. விடுதியிலும் இடம் தரப்பட்டது. ஆனால் விடுதியில் அவர் ஒருவரே பெண். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. படிப்பில் குறையில்லை; தனிமைதான் குறை. பின்னர் கல்லூரி மேலும் பெண்களைச் சேர்க்க முன்வந்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

தங்க அறை கிடைப்பது வேறு, உடனிருக்கத் துணை கிடைப்பது வேறு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

உள்ள வழிகள்

வளாகத்து விடுதி: வகுப்புக்கு நடந்தே போகலாம். உடன் இருப்போரும் அதே பாடம் படிப்பவர்கள். முதலாண்டில் பொறியியல் வரைபடம் என்றொரு பாடம் உண்டு. அதில் ஒரு கோடு விளங்காவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்ளலாம். வாயில் அடைக்கும் நேரம், கையொப்பப் பதிவேடு போன்ற கட்டுப்பாடுகள் சிலருக்குச் சுமையாகத் தோன்றும். இடம் குறைவாதலால் சேர்க்கை நாளிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அருட்சகோதரியர் நடத்தும் விடுதி: நம் பெற்றோர் முதலில் நாடுவது இதையே. ஒழுங்கும் கவனிப்பும் உண்டு. ஆயினும் இரண்டைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, அது கல்லூரிப் பெண்களுக்கா, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கா என்பது. பகலில் அறையைப் பூட்டும் வழக்கம் உள்ள விடுதி, தேர்வு விடுமுறையில் படிக்க வேண்டிய பெண்ணுக்குப் பொருந்தாது. மற்றொன்று, ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து திரும்பும் நேரத்துக்கு வாயில் திறந்திருக்குமா என்பது.

தனியார் மகளிர் விடுதி: எல்லாம் ஒரே தரமல்ல. நன்றாய் நடப்பனவும் உண்டு. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டது. அதன்படி தனியார் விடுதிகள் பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரின் உரிமம் பெறவேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வது நம் உரிமை. அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. இரவில் தங்கும் காப்பாளர் பெயர், தீ பிடித்தால் வெளியேறும் வழி இவற்றையும் கேளுங்கள்.

உறவினர் வீடு: அத்தை வீடு, சித்தி வீடு என்றால் தாய்க்கு நிம்மதி. என் வகுப்புத் தோழி ஒருத்தி அம்பத்தூரில் அத்தை வீட்டில் தங்கினாள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நாளுக்கு 3 மணி; வாரத்துக்கு 15 மணி; பதினைந்து வாரப் பருவம் ஒன்றுக்கு 225 மணி நேரம்! 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், ‘செலவில்லையே’ என்று எண்ணுவோர் உண்டு. காசு செலவாகாவிட்டாலும் நேரம் செலவாகிறதே! வரைபடத் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, நெரிசலில் கசங்காமல் கொண்டுவர அவள் பட்ட பாட்டை நாங்கள் தினமும் பார்த்தோம். அன்றியும் சிறிய வீட்டில் நள்ளிரவுவரை விளக்கெரித்துப் படிக்க அவளுக்கே மனம் வரவில்லை. உறவினர் வீட்டைத் தேர்ந்தெடுத்தால், படிக்கும் நேரத்தையும் வீட்டுக்குத் தரவேண்டிய பங்கையும் முதலிலேயே மனம்விட்டுப் பேசிக்கொள்வது இரு வீட்டாருக்கும் நல்லது.

அரசு நல விடுதி: ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளில் தகுதியுள்ள கல்லூரி மாணவியருக்கு உணவும் உறைவிடமும் இலவசம். அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்ற பெயர் 2025-இல் அறிவிக்கப்பட்டது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் தயாராக இல்லாததால் இவ்வாய்ப்பைத் தவறவிடுவோர் உண்டு. கோடை விடுமுறையிலேயே அவற்றை வாங்கி வைக்க வேண்டும்.

உணவுக் கணக்கு

விடுதிக் கட்டணம் என்று சொல்லும் தொகையில் உணவுச் செலவு அடங்குமா என்று கேட்க வேண்டும். பல கல்லூரி விடுதிகளில் ‘டிவைடிங்’ முறை உண்டு. அம்மாதம் சமையலுக்கு ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டோர் தொகையால் வகுப்பார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: மாணவியர் 300 பேர், நாள் 30, மொத்தச் செலவு 9,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 30-ஆல் பெருக்கினால் 9,000. ஆகவே ஒருவருக்கு ஒரு நாளுக்கு 100 ரூபாய். பலர் ஊருக்குச் சென்ற மாதத்தில் சமையல்காரர் சம்பளம் குறையாது, வகுக்கும் எண்ணோ குறையும். ஆதலால் நாட்செலவு கூடும். ஊருக்குச் செல்லும் நாட்களுக்குக் கழிவு பெற, முன்னறிவிப்புத் தரவேண்டும் என்ற விதியும் இருக்கும். இவற்றை முன்பே அறிந்திருந்தால் அப்பாவிடம் மாதா மாதம் சரியான கணக்கைச் சொல்லலாம். தனியார் விடுதியிலோ முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாள் முன்னதாகச் சொன்னால் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

ராகிங் பற்றிய அச்சம்

பெற்றோர் பலர் வளாக விடுதிக்கு அஞ்சுவது ராகிங்கை நினைத்துத்தான். அந்த அச்சம் காரணமற்றதன்று. 1996-இல் தமிழ்நாட்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிகள், முதலாண்டு மாணவரை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்க வேண்டும் என்றும், இயலாதபோது மூத்தோர் அங்கு வருவதைக் கண்காணிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கல்லூரிக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகளுக்கும் இவ்விதிகள் பொருந்தும். எனவே வெளியே தங்குவதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. ‘முதலாண்டு மாணவியருக்குத் தனிக் கட்டடம் உண்டா?’ என்று கேளுங்கள். 1800-180-5522 என்ற உதவி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும் நாளில்

1. வகுப்பு நடக்கும் கட்டடம்வரை நடந்து அல்லது பேருந்தில் சென்று, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.
2. மாலை ஏழு மணிக்கு அத்தெரு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.
3. காப்பாளர் இல்லாதபோது, அங்கே தங்கியுள்ள பெண் ஒருத்தியிடம் தனியே பேசுங்கள்.
4. நள்ளிரவில் உடல்நலம் கெட்டால் யார் அழைத்துச் செல்வார், எந்த மருத்துவமனைக்கு என்று கேளுங்கள்.
5. தண்ணீர், மின்வெட்டு, கழிவறை இவற்றை வெட்கப்படாமல் விசாரியுங்கள்.
6. ஊரில் உள்ள பெற்றோரைத் தவிர, அவசரத்துக்கு வரக்கூடிய பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை விடுதியில் எழுதிக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். மகளுக்கு வசதியான அறை தேடுவது அன்பின் அடையாளம். என் அப்பாவும் அன்பினால்தான் அந்தத் தனியறையைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் ஆண்டில், ஊரும் தோழியரும் பழகியபின், தனியறை வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம்; அதற்குக் காலம் இருக்கிறது. முதல் ஆண்டில் மட்டும் அறையைப் பார்க்கும் முன் உணவுக்கூடத்தைப் பாருங்கள். அங்கே பெண்கள் கூட்டமாய் அமர்ந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று கவனியுங்கள். அழைக்கிறார்கள் என்றால் பெட்டியை அங்கேயே இறக்கலாம்.

— பழைய மாணவி ஒருத்தி