துடுப்பும் கடலும் – 6: கூட்டிக்கொண்டு போகிறவருக்கு வைக்கும் பரீட்சை

பிரிட்டனில் கடலில் கயாக் ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடையில் ஒரு கயாக்கை வாங்கி, காரின் மேல் கட்டி, கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் போதும். ‘லைசென்ஸ் எங்கே?’ என்று கேட்க ஆளில்லை. அதே மனிதர் பெற்றோர் உடன் வராத பள்ளிப் பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு கடலுக்கு அழைத்துப்போக நினைத்தால் கதை வேறு. அவர் நடத்தும் மையத்துக்கு உரிமம் வேண்டும். அங்கே வேலை செய்கிற பயிற்றுநர்கள் தகுதியானவர்கள்தானா என்று ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

போன வாரம் கடல் கயாக்கின் உடம்பைப் பார்த்தோம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், உட்கார்ந்தால் இடுப்பைக் கவ்வுகிற அகலம், முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள். இந்த வாரம், அதில் மற்றவர்களை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறவரைப் பற்றி. அவருக்கு ஏன் இத்தனை பரீட்சை என்று தெரிய வேண்டுமானால் 1993க்குப் போக வேண்டும்.

லைம் விரிகுடா

அந்த ஆண்டு மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூர். ப்ளிமத் நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 8 பேர், அவர்களோடு வந்த ஆசிரியர், சாகச மையத்தின் பயிற்றுநர்கள் இருவர். மொத்தம் 11 பேர். போக வேண்டிய இடம் சார்மத். கரையை ஒட்டியே போனால் சுமார் 2 மைல். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றார். நிமிர்த்தி ஏற்றினால் மறுபடியும் கவிழ்ந்தது. மற்றப் பயிற்றுநர் 8 பிள்ளைகளின் கயாக்குகளையும் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லிக் காத்திருந்தார். ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். கரையிலிருந்து கடலை நோக்கி அடித்த காற்று அந்தக் கூட்டத்தை வெளியே தள்ளிக்கொண்டே போனது. இரண்டு குழுக்களும் ஒன்றின் கண்ணுக்கு ஒன்று தெரியாத தூரம் பிரிந்துவிட்டன. கரை விலக விலக அலை பெருத்தது. கயாக்குகளில் தண்ணீர் ஏறி ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. மார்ச் மாதத்து இங்கிலாந்துக் கடல், விறைக்கிற குளிர். கையில் ரேடியோ இல்லை. ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஃபிளேர் இல்லை. பிள்ளைகள் வரவில்லை என்று கடலோரக் காவல் படைக்குத் தகவல் போகவே பிற்பகல் ஆகிவிட்டது. மாலையில் ஹெலிகாப்டர்கள் வந்து தூக்கியபோது அவர்கள் பல மணி நேரம் தண்ணீரில் கிடந்திருந்தார்கள். 4 மாணவர்கள் பிழைக்கவில்லை.

பயிற்றுநர் இருவரிடமும் இருந்தது தொடக்க நிலைச் சான்றிதழ். துடுப்புப் போடத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஒரு கூட்டத்தைக் கடலில் நடத்திப் போகத் தெரியும் என்பதற்கு இல்லை. அந்த மையத்தில் பாதுகாப்பு சரியில்லை என்று அங்கே வேலை பார்த்த பயிற்றுநர்களே முந்தைய ஆண்டு கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பதும் வழக்கில் வெளிவந்தது. 1994 டிசம்பரில் தீர்ப்பு. மையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 60,000 பவுண்டு அபராதம், அதன் நிர்வாக இயக்குநருக்குச் சிறை. மனித உயிர் போனதற்கு ஒரு நிறுவனமே குற்றவாளி என்று இங்கிலாந்தில் தீர்ப்பானது அதுதான் முதல் தடவை. ப்ளிமத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1995இல் சட்டமாகி, மறு ஆண்டு உரிம முறை நடைமுறைக்கு வந்தது.

இன்றைக்குக் கடல் கயாக் பயிற்றுநராக விரும்புகிறவர் படிக்கிற பாடங்களைப் புரட்டினால், அந்த ஒரு நாளில் நடந்த ஒவ்வொன்றுக்கும் பதில் அதில் இருக்கிறது.

எங்கே, எவ்வளவு காற்றில்?

பிரிட்டனில் துடுப்பு விளையாட்டுகளின் தலைமை அமைப்பு 1936இல் தொடங்கியது. பிரிட்டிஷ் கனூ யூனியன் என்றிருந்த அதன் இப்போதைய பெயர் பேடில் யு.கே. அமெரிக்காவில் இதே வேலையை 1880இல் பிறந்த அமெரிக்கன் கனூ அசோசியேஷன் செய்கிறது. இரண்டு அமைப்புகளின் சான்றிதழ்களும் படிப்படியாக ஏறுகிறவை. ஒவ்வொரு படியும் இன்ன மாதிரித் தண்ணீருக்கு என்று வரையறுக்கப்பட்டது.

முதல் படிக்காரர் அடைப்பான, அமைதியான நீரில் கற்றுக்கொடுக்கலாம். பிரிட்டனில் அடுத்து வரும் கடல் கயாக் லீடர் சான்றிதழ் ‘மிதமான கடல்’ வரைக்கும். கரையை ஒட்டிய பயணம், அடிக்கடி கரையேற இடம், பியூஃபோர்ட் அளவில் 4ஆம் எண்ணைத் தாண்டாத காற்று. 4 என்றால் 11 முதல் 16 நாட் வரை. அலை முகடுகளில் அடிக்கடி வெள்ளை தெரியும். அதற்கு மேல் காற்று, கரையேற முடியாத பாறைக் கரை, நீரோட்டம் குமுறுகிற முனைகள் எல்லாம் மேல்படிக்காரருக்கு. அழைத்துப்போகிற தகுதி ஒன்று, கற்றுக்கொடுக்கிற தகுதி இன்னொன்று; இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி, தனித்தனிப் பரீட்சை. முதலுதவிப் படிப்பு கட்டாயம்.

ஆக, பயிற்றுநரின் சான்றிதழ் சொல்வது அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை மட்டுமில்லை. எந்த இடத்தோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும்தான்.

கரையிலேயே பாதிப் பரீட்சை

படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தேர்வாளர் கேட்க ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு எங்கே போகலாம்? ஏன்?

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில் ஆங்கிள்சீ தீவு. பிரிட்டிஷ் கடல் கயாக்கர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடுகிறது மெனாய் நீரிணை. 1826இல் டெல்ஃபோர்ட் கட்டிய தொங்கு பாலத்துக்கும் 1850இல் ஸ்டீவன்சன் கட்டிய பிரிட்டானியா பாலத்துக்கும் இடைப்பட்ட ஸ்வெல்லீஸ் என்ற துண்டில், ஓதம் வேகமாக ஓடும் நேரத்தில் கடல் காட்டாறாகிவிடும். பாறைகளைச் சுற்றிச் சுழியும் மடிப்பும். அதே இடம், ஓட்டம் திசை மாறும் சில நிமிடங்களில் குளம்போல் கிடக்கும். எந்த நிமிடம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அங்கே கூட்டத்தைக் கொண்டுபோகலாம்.

சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆங்கிள்சீ பக்கத்தில் 5, 6 மீட்டர் சர்வசாதாரணம். 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏற சுமார் 6 மணி நேரம். ஆனால் மணிக்கு ஒரு மீட்டராக ஏறாது. பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற வாய்ப்பாடு உண்டு: முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றிலும் நான்கிலும் தலா 3, பிறகு 2, கடைசியில் 1. அதாவது முதல் மணியில் அரை மீட்டர், நடு இரண்டு மணியில் மட்டும் 3 மீட்டர். தண்ணீர் அவ்வளவு ஏற வேண்டுமானால் அவ்வளவு வேகமாக ஓடி வந்தாக வேண்டும். ஆகவே நடு மணிகளில் முனைகளைச் சுற்றாதே. ஓட்டம் ஒரு திசையில், காற்று எதிர்த் திசையில் என்றால் அலை செங்குத்தாக எழும். சாதாரணக் காற்றே அங்கே ஆளைக் கவிழ்க்கும். விண்ணப்பதாரர் இதையெல்லாம் ஓத அட்டவணையும் கடல் வரைபடமும் வைத்துக்கொண்டு பென்சிலால் போட்டுக் காட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் கரைக்காற்றுதான் புதியவர்களை ஏமாற்றுவதில் முதலிடம். மேட்டின் மறைவில் நிற்பவருக்குக் கரையோரத் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். சூரியன் வேறு அடித்தால் கேட்கவே வேண்டாம். இருநூறு மீட்டர் வெளியே போனபின்தான் காற்று முதுகில் கை வைக்கும். திரும்பினால் முகத்தில் அறையும். லைம் விரிகுடாவில் பிள்ளைகளைக் கொண்டுபோனது இந்தக் காற்றுதான். ‘இன்றைக்கு இந்தக் கரை வேண்டாம், தீவின் மறுபக்கம் போவோம்’ என்றோ ‘இன்றைக்கே வேண்டாம்’ என்றோ சொல்கிற விண்ணப்பதாரர் காரணத்தோடு சொன்னால், பரீட்சையில் அது குறையாக எண்ணப்படாது.

நாலு எழுத்து

தண்ணீரில் இறங்கியபின் பயிற்றுநர் மனதில் ஓட வேண்டியது நாலே எழுத்துள்ள ‘கிளாப்’ என்ற விதி. தொடர்பு, பார்வை, தவிர்ப்பு, நிற்குமிடம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. எல்லோருக்கும் உன் சைகை புரிய வேண்டும். எல்லோரும் உன் கண்ணில் இருக்க வேண்டும். வம்பு வந்தபின் சமாளிப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வது மேல். எங்கே நின்றால் அதிகம் உதவுவாயோ அங்கே நில்.

கடைசி விதிதான் கடினம். நன்றாகத் துடுப்புப் போடுகிறவருக்கு முன்னால் போகத்தான் கை துறுதுறுக்கும். கரைக்காற்று நாளில் பயிற்றுநரின் இடம் கூட்டத்துக்குக் கடல் பக்கம். யார் தளர்ந்தாலும் காற்றே அவரைப் பயிற்றுநரிடம் கொண்டுவந்து சேர்க்கும். சைகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துடுப்பை நீட்டிக் காட்டினால் அது போக வேண்டிய பாதுகாப்பான திசை. ‘அதோ பாறை’ என்று ஆபத்தைச் சுட்டிக்காட்டக் கூடாது. அலை இரைச்சலில் பேச்சு கேட்காது. சுட்டிய பக்கம்தான் கூட்டம் திரும்பும்.

தேர்வாளர் சும்மா வரமாட்டார். கூட வருகிற மாணவர்களில் ஒருவர் காதில் ‘அந்த முனை தாண்டியதும் கவிழ்ந்துவிடு’ என்றும், இன்னொருவரிடம் ‘அப்போது பார்த்து நீ பாட்டுக்குக் கடல் பக்கம் போய்விடு’ என்றும் சொல்லிவைத்திருப்பார். கவிழ்ந்தவரைத் தூக்கும் மும்முரத்தில், போய்க்கொண்டிருப்பவரை விண்ணப்பதாரர் கவனிக்கிறாரா என்பதுதான் அந்தப் பரீட்சை.

கவிழ்ந்தவரைத் தூக்குவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கவிழ்ந்தவர் இடுப்பைச் சுற்றிய நியோப்ரீன் மூடியின் முன்பட்டையை இழுத்து, வெளியே வந்து, தன் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார். பயிற்றுநரின் முதல் கேள்வி, ‘நல்லா இருக்கீங்களா? படகை விட்டுடாதீங்க.’ பிறகு கவிழ்ந்த கயாக்கின் மூக்கைப் பிடித்துத் தன் கயாக்குக்குக் குறுக்கே இழுத்து மடிமேல் ஏற்றுகிறார். மேலிருந்து பார்த்தால் ஆங்கில டி எழுத்து. மூக்கு உயர்ந்ததும் உட்காரும் குழியிலிருந்த தண்ணீர் கொட்டிவிடுகிறது. இருக்கைக்குப் பின்னால் சுவர் இருப்பதால் பின்னறைக்குப் போக வழியில்லை. கயாக்கை நிமிர்த்தி, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் வால் பக்கம் வரும்படி இணையாகத் திருப்பி, தன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்து இறுக்கிப் பிடிக்கிறார். தண்ணீரில் இருப்பவர் மல்லாந்து, ஒரு குதிகாலைக் குழிக்குள் கொக்கிபோட்டு, உருண்டு ஏறிக் குப்புறப் படுத்து, அப்படியே திரும்பி உட்கார்கிறார். மிச்சத் தண்ணீரைப் பம்ப் அடித்து, மூடியை மாட்டுகிறவரை பயிற்றுநர் பிடியை விடக் கூடாது. பழகிய கைகளுக்கு ஓரிரு நிமிட வேலை. அதற்குள் இரண்டு கயாக்கும் எவ்வளவு தூரம் நகர்ந்தன, மற்றவர்கள் எங்கே, பாறை எந்தப் பக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லித் தருவது

கற்பித்தலிலும் கடல் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். பயிற்றுநர் கூட்டத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னால், அந்த ஐந்து நிமிடமும் எல்லோரும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் பாடத்தைக் காற்று வரும் பக்கத்திலேயே தொடங்க வேண்டும். வெயில் மாணவர் கண்ணில் படாதபடி, தானே வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் பேச்சு ஏறாது; இரண்டு வாக்கியம், ஒரு செய்துகாட்டல், பிறகு அவர்களையே செய்யவிட வேண்டும்.

கோளாறு கண்டுபிடிப்பது தனிக் கலை. ‘தோள் வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்வார். அவர் கையைத் திருத்துகிறவர் கற்றுக்குட்டி. அனுபவசாலி குனிந்து அவர் கால் மிதியைப் பார்ப்பார். மிதி தள்ளியிருந்தால் கால் உதைக்க முடியாது. கால் உதைக்காவிட்டால் இடுப்பு திரும்பாது. இடுப்பின் வேலையும் சேர்ந்து தோளில் ஏறும்.

நம் பக்கம்

கோவாவிலும் அந்தமானிலும் ராமேஸ்வரத்திலும் இப்போது கயாக்கில் ஏறலாம். விடுமுறைக்குப் போய் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். கூடவே மூன்று கேள்விகள் கேட்டால் நல்லது. கூட வருகிறவரின் சான்றிதழ் எந்த மாதிரிக் கடலுக்கு, எவ்வளவு காற்றுவரை? கரையோடு பேச அவர் கையில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யார் யாருக்குப் போன் செய்வார்கள்? கடைசியாக எந்த நாள் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று ஒரு நாளும் காரணமும் சொல்கிறவரை நம்பி ஏறலாம். ‘அப்படி ஒரு நாளும் அனுப்பினதில்லை சார்’ என்று பெருமையாகச் சொன்னால், லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்த வாரம்: கயாக்கை விட்டு வெளியே வராமலே தண்ணீருக்கடியில் உருண்டு நிமிரும் வித்தை. கிரீன்லாந்து வேட்டைக்காரர்களின் அந்த வித்தையைப் புத்தகக் குறிப்புகளைப் படித்தே 1927இல் கற்றுக்கொண்ட ஆஸ்திரியர் பாவ்லாட்டாவின் கதை.

(தொடரும்)