உங்களுக்குத் தெரியுமா? வினிகர் காட்டிக்கொடுக்கும் வெள்ளைத் திட்டு

தமிழகத்தில் இருக்கிறது திண்டுக்கல். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் உலகம் திரும்பிப் பார்த்த மாவட்டம் அது.

2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பரிசோதனைக்கு லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி எதுவும் இல்லை. சமையலறை வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், 4 சதவீதக் கரைசலாக. அதைக் கருப்பைவாயில் தடவினால், மாறத் தொடங்கிய செல்கள் ஒரு நிமிடத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். பார்த்துச் சொன்னவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி பெற்ற நர்சுகள்! தேவைப்பட்டால் அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள்.

30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். கூச்சத்தை விட்டு இத்தனை பேர் வந்ததே பாதி வெற்றி. ஒரே ஒருமுறை செய்த சோதனைதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்த நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

இன்று தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம்.