டெர்பி மைதானத்தைக் கலக்கிய போலி இளவரசர்!

தலையில் நெருப்புக்கோழி இறகுகள், உடம்பில் பளபளக்கும் வண்ண அங்கி. "என்கிட்ட ஒரு குதிரை இருக்கு!" என்று கூவியபடி இங்கிலாந்தின் குதிரைப் பந்தய மைதானங்களை வலம்வந்தவர், ராஸ் பிரின்ஸ் மோனோலுலு. ஜெயிக்கப்போகும் குதிரை எதுவென்று 'டிப்ஸ்' விற்பதுதான் தொழில்.

1920 எப்சம் டெர்பியில், பலரும் ஒதுக்கிய ஸ்பியன் காப் குதிரைமீது பணம் கட்டினார். அது ஜெயித்தது. அவர் கையில் 8,000 பவுண்டு சேர்ந்ததாகச் சொல்வார்கள். ஒரே நாளில் பிரபலம்!

அபிசீனியப் பழங்குடித் தலைவர் என்று சொல்லிக்கொண்ட இவரின் நிஜப்பெயர் பீட்டர் கார்ல் மெக்கே. பிறந்தது கரீபியன் தீவு ஒன்றில். வெள்ளையர் கூட்டத்தில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த இளவரசர் வேஷம்தான் சோறு போட்டது.

அவர் கைகாட்டிய குதிரைகள் தோற்றதுண்டு. 1965-ல் இறக்கும்வரை அந்த வேஷம் மட்டும் தோற்கவே இல்லை.