கோழி வயிற்றுக்குள் ஒரு நல்ல கிருமி!

"பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டுத்தானே வளர்க்கிறாங்க? குழந்தைக்குக் கொடுக்கலாமா?" ஞாயிற்றுக்கிழமை ஆனால் உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும். புதுக்கோட்டை கறிக்கடை வாசலிலும் இதே கேள்விதான்.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். நாற்பது நாளுக்குள் கோழி 2 கிலோவைத் தொடுவதற்குக் காரணம் ஊசி இல்லை. வேகமாக வளரும் கோழிகளாகப் பார்த்துப் பார்த்துப் பல தலைமுறையாக இனம் சேர்த்ததும், சத்தான தீவனமும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படி ஆகும்?

அப்போ கவலையே வேண்டாமா? வேண்டும். ஆனால் ஊசியைப் பற்றி இல்லை, தீவனத்தைப் பற்றி!

ஆன்டிபயாடிக் மருந்தைக் கொஞ்சூண்டு தீவனத்தில் கலந்தால் கோழி சீக்கிரம் வளரும் என்று 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பல நாடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. வினையும் கூடவே வந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமிகள், மருந்துக்கே அடங்காமல் போயின. அவை கறி, எச்சம், தண்ணீர் வழியாக மனிதர்களுக்கும் வரும். நாளைக்கு நம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், மருந்து கேட்காமல் போகலாம். அதனால்தான் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006-ல் அடியோடு நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் தீவனத்துக்கும் விற்கக் கூடாது என்று 2019-ல் நம் மத்திய அரசும் தடை போட்டது.

சரி, மருந்துக்குப் பதில் என்ன? அங்கேதான் வருகிறது புரோபயாடிக் என்கிற நல்ல கிருமி.

நாட்டுக்கோழிக் குஞ்சைப் பார்த்திருப்பீர்கள். தாய் பின்னாலேயே ஓடி, அது கிளறிய மண்ணைக் கொத்தும். அப்படியே தாயின் வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளும் குஞ்சுக்கு வந்து சேரும். இன்குபேட்டரில் பொரிந்த குஞ்சுக்குத் தாய் ஏது? அதன் குடல் ஒரு காலி வீடு. முதலில் யார் குடியேறுகிறார்களோ, அவர்கள் ராஜ்யம்! 1973-ல் பின்லாந்து விஞ்ஞானிகள் நூர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சால்மோனெல்லா என்ற கெட்ட கிருமியால் அந்தக் குஞ்சுகளிடம் எளிதில் காலூன்ற முடியவில்லை.

இப்போது தீவனத்தில் கலப்பவை இரண்டு மூன்று வகை. தயிரை உறைய வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ், தீவன ஆலைச் சூட்டையும் தாங்கும் பேசில்லஸ், அப்புறம் ஈஸ்ட். இவை குடலில் இடம் பிடித்து, கெட்ட கிருமிகளை ஒதுக்கி, தின்ற தீவனம் நன்றாகச் செரிக்கவும் உதவுகின்றன.

ஆனால் இது மந்திரம் இல்லை. கிருமியின் ரகத்தையும் அளவையும் பொறுத்துப் பலன் மாறும். கொட்டகைத் தரையில் பரப்பிய உமியும் நார்க்கழிவும் ஈரமாகக் கிடந்தால், எந்தப் புரோபயாடிக்கும் காப்பாற்றாது. கோழிக்கு நோய் வந்தால் கால்நடை மருத்துவர் சொல்படி ஆன்டிபயாடிக் கொடுக்கத்தான் வேண்டும். மருந்து உடம்பை விட்டு இறங்கும் நாள்வரை அந்தக் கோழியை விற்கக் கூடாது, அவ்வளவுதான். நம் ஊரில் பலரும் குஞ்சையும் தீவனத்தையும் கம்பெனியிடம் வாங்கி வளர்த்துக் கொடுப்பவர்கள். தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

* புரோபயாடிக் கோழியைச் சாப்பிட்டால் நமக்கும் நல்ல கிருமி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். குடலைக் கடையிலேயே எடுத்துவிடுவார்கள். மற்றதை அடுப்புச் சூடு பார்த்துக்கொள்ளும். நமக்குத் தயிரும் நீராகாரமும் இருக்கவே இருக்கு!

* பச்சைக் கறியைக் குழாயடியில் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள். கறி வெட்டிய கத்தி, பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள்.

* எலும்பு ஓரத்தில் சிவப்பு தெரிகிறதோ இல்லையோ, உள்வரை ஆவி பறக்க நன்றாக வேக வையுங்கள்.

* சளி, இருமல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். கோழிப் பண்ணையில் நடந்த அதே தப்பு, நம் வீட்டிலும் நடக்கக் கூடாது இல்லையா?